குஞ்சம்மாள் வழியாக

அரியாங்குப்பம் குஞ்சம்மாளின் வழியாக அனுப்பிய பேச்சு யாருடையதாக இருந்தாலும், போய்ச் சேர்ந்த இடத்தில் அது குஞ்சம்மாளின் குரலில்தான் கேட்டது. 1973இல் தட்டாஞ்சாவடிப் பட்டறை ஒன்றில் அவள் செம்புக்கம்பி சுற்றும் வேலை பார்த்தபோது இது தெரியவந்தது. முதலாளி அவள் பக்கத்தில் நின்றுகொண்டு கடலூருக்குப் போன் போட்டு, சரக்கு வரவில்லையென்று வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டு வாங்கியவர் மறுநாள் நேரில் வந்து, இப்படியொரு வாயாடிப் பெண்பிள்ளையை வேலைக்கு வைத்திருக்கிறீர்களே என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். பதில் மட்டும் மாறாமல், சொன்னவர் குரலிலேயே திரும்பி வந்தது. ஏழு பெண்களில் நாலாவதாகப் பிறந்து, மேலே மூன்று பேருக்கும் கீழே மூன்று பேருக்கும் நடந்த சண்டைகளுக்கெல்லாம் தூது போனதால் வந்த வினை என்றாள் குஞ்சம்மாள். அதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை.

நேராகப் போக முடியாத பேச்சுக்கு ஊரில் பஞ்சமா என்ன? மேனேஜர் முகம் கொடுக்காத மில் தொழிலாளி, மாமியாரைத் தாண்டிப் பெண்டாட்டியிடம் பேச முடியாத மாப்பிள்ளை என்று ஆளாளுக்கு அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் கூடவே நிற்க வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. ஒவ்வொரு கருவியையும் ஒரு விதமாக அமைத்துக்கொண்டால் போதும். போனில் எண்ணைச் சுழற்றுமுன் வெறும் வட்டை ஒரு சுற்றுச் சுற்றி, அவள் வீடு இருக்கும் திசையைப் பார்த்து ‘குஞ்சம்மா வழியா’ என்று சொல்ல வேண்டும். கடிதத்தில் விலாசத்துக்கு மேலே ‘மேற்பார்வை: குஞ்சம்மாள்’ என்று எழுத வேண்டும். தந்திக்கு ஒரு வார்த்தை கூடுதல். நேயர் விருப்பத்துக்குப் பத்து வருடமாக அட்டை போட்டும் பெயர் வராதவர்கள் இந்த வழியில் போட்டார்கள். கேட்ட பாட்டெல்லாம் வந்தது. விரும்பிக் கேட்டவர் என்று வானொலியில் தினமும் குஞ்சம்மாள் பெயர்தான் வந்தது. அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

1977இல் அவள் வைத்திக்குப்பத்துக்குக் குடிபெயர்ந்தபோது ஊருக்குச் சொல்ல மறந்துவிட்டாள். இரண்டு நாள் எல்லாரும் பழைய திசையையே பார்த்துப் பேசிவிட்டார்கள். அரியாங்குப்பத்துக் காலி வீட்டின் சுவர் அத்தனை பேச்சையும் வாங்கி வைத்துக்கொண்டு முணுமுணுத்தது. மூன்றாம் நாள் ஊரே திசையை மாற்றிக்கொண்டது, சுவரும் ஓய்ந்தது.

அந்த வருடம் முடிவதற்குள் ஆதிலட்சுமி அவளைத் தேடி வந்தாள். முத்தியால்பேட்டை அரிசி மண்டிக்காரர் சக்கரபாணியின் ஒரே மகள். தாயில்லாமல் அவர் வளர்த்த பெண். அவள் வைத்திக்குப்பத்தில் கட்டுமரம் ஓட்டும் காத்தவராயனைக் கட்டிக்கொண்டு போனதும், சக்கரபாணி கடலில் இறங்கி, எனக்கு மகளே இல்லையென்று தலைமுழுகிவிட்டார். ஊரில் பலரும் கோபத்தில் தலைமுழுகுவார்கள், நாலு மாதத்தில் மறந்துபோவார்கள். சக்கரபாணி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. அவள் எழுதிய கடிதங்கள் அவர் வீட்டு வாசலைத் தாண்டியதும் வெறும் தாளாயின. அவள் போன் செய்தால் மண்டியில் மணி அடிக்கவில்லை. அவள் கொடுத்தனுப்பிய மீன் குழம்பு, தூக்கோடு தானே திரும்பி வந்தது.

“அக்கா, ஆறு மாசம் ஆவுது எனக்கு. அப்பா கொரலக் கேக்காம புள்ளப் பெத்துக்க பயமா இருக்குது” என்றாள் ஆதிலட்சுமி.

“என் வழியா போனா போவும்மா. உன் பேர மட்டும் சொல்லாத. அது உள்ள போவாது” என்றாள் குஞ்சம்மாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஆதிலட்சுமி ஐஸ் பேக்டரியிலிருந்து அந்த வழியில் போன் போட்டாள். மண்டியில் மணி அடித்தது. ஐம்பது வயதுப் பெண்ணின் குரல் ஒன்று “சாப்ட்டியாப்பா?” என்று கேட்டதும் சக்கரபாணி ராங் நம்பர் என்று வைத்துவிட்டார். அடுத்த நாளும் வைத்தார். மூன்றாம் நாள் அந்தக் குரல், “மோருல உப்ப அள்ளிப் போட்டுக்காதப்பா, காலு வீங்கும்” என்றது. அவர் வைக்கவில்லை. யாரென்றும் கேட்கவில்லை. கேட்டால் வைக்க வேண்டிவரும் என்று அவருக்குத் தெரியும். வீம்பு பிடித்த மனிதர். ஆனால் பதினொரு மணிக்குக் கல்லாவை விட்டு அசையமாட்டார். மண்டிக்காரருக்கு இந்த வயதில் ஒரு தொடுப்பு என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. பங்குனியில் ஒருநாள் பதினொரு மணிக்குப் போன் வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. சக்கரபாணி மண்டியைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு வைத்திக்குப்பத்துக்கு நடந்தார். காத்தவராயன் வீடு எதுவென்று விசாரித்தார். எல்லாரும் கை காட்டினார்கள். காட்டிய இடத்தில் அவர் கண்ணுக்கு வெறும் மணல்தான் தெரிந்தது. மகளை வெளியே நிறுத்திய முழுக்கு, அவரையும் வெளியேதான் நிறுத்தியிருந்தது. அந்த மணலிலிருந்து பெண்கள் ஓடிவந்து வெந்நீர் கேட்டார்கள். எப்போதிலிருந்து வலி என்று அவர் அவர்களிடம் கேட்டுக்கொண்டார். நேரே குஞ்சம்மாள் வீட்டுக்குப் போனார்.

“எம்பொண்ணு நேத்து ராத்திரியிலேர்ந்து வலியில கெடக்குறாளாம். நான் போவணும்.”

“நேரா போவ முடியாதுங்க. இந்த வாசல்ல நொழஞ்சி தோட்டத்துப் பக்கமா போனீங்கன்னா போயிடலாம். ஆனா நீங்களா போவ முடியாது, நானாத்தான் போவணும்.”

“நீயான்னா?”

“பொடவ, மூக்குத்தி, எல்லாந்தான்.”

ஊரே பயந்த மீசையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார் சக்கரபாணி. பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு, குஞ்சம்மாள் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, “இன்னாடி ஆம்பளையாட்டம் நிக்கிற, வந்து தலயப் புடி” என்று அதட்டினாள். ஆதிலட்சுமி கண்ணைத் திறந்தாள். குஞ்சம்மாளின் முகம், குஞ்சம்மாளின் சேலை. “வந்துட்டியாப்பா” என்றாள். “வந்துட்டம்மா” என்றது குஞ்சம்மாளின் குரல். அரை மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது.

முழுகியதை முழுகாததாக்க ஒரு வழியும் இல்லை. சக்கரபாணி எல்லாரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டார். ஆகவே வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை குஞ்சம்மாள் வழியாகவே போய் வந்தார். அந்த நாட்களில் வைத்திக்குப்பத்தில் இரண்டு குஞ்சம்மாள்கள் இருந்தார்கள்: ஒருத்தி மீன் கழுவுவாள், இன்னொருத்தி பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரையில் நடப்பாள். காத்தவராயன் இரண்டாமவளை மாமா என்று கூப்பிட்டான். குழந்தைக்கு ஒன்றரை வயதில் பேச்சு வந்தது. இரண்டு பேரில் யார் தாத்தா என்று அவளுக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.