பத்து விநாடி பொறுக்கும் பெட்டி

1

முதல் சொல்லிலேயே அறுந்துபோன ஒரு தொழுகை அழைப்பிலிருந்து, ஒரு பாங்கிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. அதை மறைத்து நல்லதொரு தொடக்கம் எழுதப் பார்த்தேன். 'இறக்காமத்தில் அன்று மழை…' மழையே இல்லை. 'மின்சாரம் என்பது மனிதனின்…' இதை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். 'அஸ்பாக் ஒரு பெட்டி செய்தான்…' இது பொய். செய்தவள் அவனுடைய தங்கை பஸ்லியா. அவன் அதைப் பள்ளிவாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனான், அவ்வளவுதான்.

2

பஸ்லியா கல்முனையில் யூ.பி.எஸ். திருத்தும் கடையில் வேலை செய்கிறாள். கரண்ட் போனால் ஊர்ப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கிக்குக் கைகொடுக்கும் பெற்றரி, இரண்டு வருடத்தில் இரண்டு தடவை செத்துவிட்டது. அடிவரை வடித்தெடுத்தால் எந்தப் பெற்றரியும் சாகும். 11.5 வோல்ற்றுக்குக் கீழே இறங்கியதும் தானே இணைப்பைத் துண்டிக்கும் பெட்டியொன்றை அவள் வரைந்து, செய்தும் முடித்தாள். பொம்பிளைப் பிள்ளை செய்த சாமானா என்று நிர்வாகத்தில் ஒருவர் இழுத்தார். [அவருக்குப் பெயர் வைக்க மாட்டேன். வைத்தால் அவருடைய நியாயத்தையும் எழுத வேண்டி வரும்.] பாங்கு சொல்லும் அபூசாலி அவளுக்காக வாதாடியதால் சம்மதித்தார்கள்.

ஒலிபெருக்கி ஓடும்போது பெற்றரி எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து வரும்படி அவரிடமே மீற்றரைக் கொடுத்தனுப்பினாள். ரமழானின் முதல் நாளான தலைநோன்பு அன்று, பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு அளந்தார். 12.2. போதுமென்று அஸ்பாக் பெட்டியைக் கொண்டுபோய்ப் பூட்டினான்.

3

அன்று மாலை ட்ரான்ஸ்போமர் பழுதாகி ஊரே இருண்டது. நோன்பு திறக்கும் நேரமான மஃரிபுக்கு அபூசாலி குரலெடுத்தார். "அல்லாஹு" என்றதோடு ஒலிபெருக்கி நின்றது. உயிர் வந்தது, மறுபடி நின்றது. உரத்த குரல் பெற்றரியை ஒரு நொடி கீழே இழுக்க, பெட்டி துண்டித்தது. துண்டித்ததும் பெற்றரி ஏறியது. ஏறியதும் பெட்டி இணைத்தது. ஊர் ஈத்தம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தது. இது பாங்கா, யாரும் மைக்கைத் தட்டிப் பார்க்கிறார்களா?

[போனில் நேரம் தெரியுமே என்பீர்கள். தெரியும். போனைப் பார்த்து நோன்பு திறக்க எங்கள் ஆட்களுக்கு மனம் வராது.]

மைக்கில் கதைத்துப் பார்த்துத்தானே அளந்தீர்கள் என்று பஸ்லியா அபூசாலியிடம் கேட்டாள்.

"எப்பிடி மகள் கதைக்கிற? நோன்பு நாளையில அசருக்குப் பொறகு மைக்குல சத்தம் வந்து, பாங்கெண்டு ஒரு ஆள் வாயில போட்டா, அது ஆர்ர பாவம்?"

அவர் மௌனத்தை அளந்திருந்தார். பிழை அவருடையதல்ல. பஸ்லியாவும் இந்த ஊரில் பிறந்தவள்தானே, யோசித்திருக்க வேண்டும். அவள் வீட்டில் சோதித்ததோ ஒரே சீராக எரியும் கார் பல்பை வைத்து. அழுதாள். இன்னொரு மஃரிப் பார்ப்போம், அறுந்தால் பெட்டியைக் கழற்றிவிடுவது என்று நிர்வாகம் முடிவெடுத்தது. கழற்றினால் பிறகு அவளுடைய கைவேலை எதுவும் அந்த வாசலுக்குள் போகாது.

4

மறுநாள் கல்முனையில் ஒரு கெப்பாசிற்றர் வாங்கினாள். இனிப் பெற்றரி 11.5க்குக் கீழே பத்து விநாடி தொடர்ந்து கிடந்தால்தான் பெட்டி துண்டிக்கும். துண்டித்தால் 12.6 ஏறும்வரை இணைக்காது. நான்கு பல்பைப் பூட்டி, பாங்கை மனதுக்குள் சொல்லி, நீட்டும் இடத்தில் எரித்து, மூச்செடுக்கும் இடத்தில் அணைத்துப் பார்த்தாள். பெட்டி அசையவில்லை. அபூசாலியின் மூச்சு ஒன்பது விநாடியைத் தாண்டாது. பிறந்ததிலிருந்து கேட்கிறாளே, அவளுக்குத் தெரியாதா?

5

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில், பாங்கு முழுதாக ஒலிக்க, அந்தப் பெயரில்லாதவர் வந்து மன்னிப்புக் கேட்டார். கிழித்துவிட்டேன், அவர் கேட்கிற ஆளில்லை. இன்னொன்றில் மறுபடியும் அறுந்…

இல்லை. கணக்குச் சரியாக இருப்பவளைத் தோற்கடிப்பது எழுதுகிறவனின் திமிர்.

ஆகவே பள்ளிவாசலை விட்டு அவளுடைய வீட்டுக்கு வருகிறேன். கரண்ட் இன்னும் வரவில்லை. பாயில் கஞ்சிக் கோப்பைகள். முதல் "அல்லாஹு அக்பர்" முழுதாக வந்தது. உம்மா ஸாலிஹா பழத்தை வாய்வரை கொண்டுபோய் நிறுத்தி, மகளின் முகத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பமா மகள்?"

"தேவல்ல உம்மா. நோன்பத் தொறங்க."

பஸ்லியா பழத்தைக் கடித்துவிட்டாள்.

அபூசாலி அடுத்ததற்கு மூச்செடுக்கிறார். நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் கையிலும் ஓர் ஈத்தம்பழம் இருக்கிறது. பொறுத்துப் பார்ப்பதா, வாயில் போடுவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.