சிலுவைதாசன் வெள்ளையடித்த பெயர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டது வேறு. கொட்டாரத்துக்கு மேற்கே உள்ள ஒரு கிறிஸ்தவச் சபையார், தங்கள் ஆலயத்தின் நூற்றாண்டு மலருக்காக, ‘ஆலயம் கட்டித்தந்த வள்ளல் ராஜையன்’ என்று இரண்டு பக்கம் கேட்டார்கள். நானும் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கொடைக்கு இலக்கணமாய்த் திகழ்ந்த பெருந்தகை ராஜையன் அவர்கள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து—

அந்த வாக்கியம் இன்னும் அங்கேயே நிற்கிறது. காரணம், சபையாரைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது பேருந்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். எங்கே போய்விட்டு வருகிறேன் என்று விசாரித்தவர், “ராஜையனா? அவரு பேருக்கு வெள்ளையடிச்ச கதை தெரியுமா?” என்றார். முக்கால் கதை சொன்னார். கொட்டாரம் வந்ததும் இறங்கிப் போய்விட்டார். மீதிக் காலுக்கு நானும் நீங்களும்தான் பொறுப்பு.

2

கதையை யார் பக்கத்தில் நின்று சொல்வது என்பதிலேயே இரண்டு நாள் போயிற்று. ராஜையன் பக்கத்தில் நின்றால் மலர்க் கட்டுரை ஆகிவிடுகிறது. கொத்தன் சிலுவைதாசன் பக்கத்தில் நின்றால் பாதிக் கதை இருட்டில் நடக்கிறது, அவனுக்குப் பார்வை கிடையாது. கடைசியில் அவன் மனைவி நேசபாயின் பக்கத்தில் போய் நின்றேன். மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். அந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

1924இல் அந்த ஆலயச் சுவர்களை எழுப்பியவர்களில் சிலுவைதாசனும் ஒருவன். கடைசிப் பூச்சு முடியும்போதே அவன் இரண்டு கண்களிலும் புரை விழுந்துகொண்டிருந்தது. பிரதிஷ்டை நாளில் ஆலயம் அவனுக்கு வெறும் வெளிச்சமாகத் தெரிந்தது. சில மாதங்களில் அந்த வெளிச்சமும் போயிற்று. பிறகு ஏழு வருடம் நேசபாய்தான் அவனுக்குக் கண். குழம்பில் மீன் எந்தப் பக்கம் கிடக்கிறது, எதிரே வருவது யார், மழை வருமா வராதா, எல்லாவற்றையும் அவள் சொல்ல வேண்டும்.

நெய்யூர் ஆஸ்பத்திரியில் புரையை எடுக்கிறார்கள் என்று 1931இல் கேள்விப்பட்டு, நேசபாய் ராஜையன் வீட்டு முற்றத்தில் போய் நின்றாள். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தன் வில்வண்டியைப் பூட்டச் சொன்னார். வைக்கோல் பரப்பி, வழிக்குக் கட்டுச்சோறும் கொடுத்து அனுப்பினார்.

(இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ராஜையனைக் கெட்டவராக்கிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அவர் கெட்டவர் இல்லை.)

மூன்று வாரம் கழித்துச் சிலுவைதாசன் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பினான். ஒவ்வொரு கண்ணாடியும் சோடாப்புட்டியின் அடிப்பாகம் போலத் தடிமன். வழியெல்லாம் அவன் வயலையும் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை. நேசபாயையே பார்த்துக்கொண்டு வந்தான். வண்டிக்காரர் இருக்கிறாரே என்று அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

3

மறுநாள் அவன் போய் நின்ற இடம் ஆலயம். அவன் கையால் பளிச்சென்று பூசிய சுவரில் ஏழு வருட விளக்குப்புகை படிந்திருந்தது. மூலைகளில் வௌவால் எச்சம். தினமும் பார்த்தவர்களுக்கு அது உறைக்கவில்லை. அவனுக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து நேசபாயிடம் சொன்னான்: “கர்த்தர் கண்ணத் தந்தாரு. சும்மா தந்தாரு. நான் திருப்பி என்னத்தக் குடுக்க? கை ரெண்டும் இருக்கு. சுண்ணாம்பு அடிக்கேன்.”

அடுத்த ஞாயிறு, விளைச்சலைக் காணிக்கை வைக்கும் ஸ்தோத்திரப் பண்டிகை. ஆகவே அந்தச் சபையை நடத்திவந்த செல்வதாஸ் உபதேசியாருக்கும் சந்தோஷம். நல்லபடியாகச் செய் என்று சொல்லிவிட்டு, பக்கத்துச் சபைகளைப் பார்க்க அவர் புறப்பட்டுப் போனார். சிலுவைதாசன் மணக்குடிக் காயலில் சிப்பி பொறுக்கி வந்து, தானே சுட்டு நீற்றினான். தாழை விழுதை நைத்து, வெள்ளையடிக்க மட்டை கட்டினான். திங்கள் காலை ஏணி ஏறினான். நேசபாய் கீழே நின்று சுண்ணாம்பு கலக்கிக் கொடுத்தாள். சுவர் வெளுக்க வெளுக்க, மேலே அவன் பாட்டும் ஏறியது. பாட்டில் சுருதி இருந்தது என்று பேருந்தில் கதை சொன்னவர் சொல்லவில்லை. நானும் சேர்க்கவில்லை.

வியாழக்கிழமை பீடத்துக்கு வலப்புறச் சுவருக்கு வந்தார்கள். அங்கே, சிலுவைதாசனின் பார்வை போன பிறகு, நாகர்கோவில் பெயிண்டர் ஒருவர் கறுப்பு மையில் சாண் உயர எழுத்தாக எழுதியிருந்தார்: ‘இவ்வாலயம் ராஜையன் அவர்களால் கட்டப்பட்டது.’

சிலுவைதாசன் மட்டையை நிறுத்தினான்.

“இதென்னட்டி, இங்ஙன மட்டும் இம்புட்டுக் கறுப்பு?”

“எழுத்து.”

“வேதவசனமா?”

நேசபாய் வாளியைக் கீழே வைத்தாள்.

“இல்ல.”

மட்டை ஏறி இறங்கியது. ஒரு பூச்சில் மறையவில்லை. மூன்று பூச்சு அடித்தான்.

4

இந்த இடத்தில் நேசபாயின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. வண்டி கொடுத்தவரின் பெயர் அது. அவள் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? முதல் பிரதியில், அவளுக்கு எழுத்து மறந்துபோயிற்று என்று எழுதினேன். கோழைத்தனம், அடித்துவிட்டேன். இரண்டாம் பிரதியில், தன் கணவன் கட்டிய சுவரில் இன்னொருவர் பெயரா என்று நேசபாயின் மனம் கொதித்து—

இதுவும் இல்லை. அவள் கொதிப்பவள் அல்ல.

பிறகுதான் ஒன்று தட்டுப்பட்டது. ஏழு வருடமாக உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அவனுக்குச் சொன்னவள், அந்த எழுத்தைப் பற்றி மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவளே யோசித்திருக்கமாட்டாள். வியாழக்கிழமை யோசித்தாள். அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் குடியிருந்த மண் ராஜையனுடையது.

5

சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியார் திரும்பி வந்து, சுவரைப் பார்த்து, தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஊர் கூடியது. ராஜையனும் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். சபையில் மற்ற எல்லாருக்கும் பாய், அவருக்கு மட்டும் நாற்காலி. அது கிடந்த இடத்திலிருந்து பார்த்தால் நேர் எதிரே அந்தப் பெயர். இப்போது நேர் எதிரே வெள்ளை.

நன்றி கெட்டவன் என்றார்கள் சிலர். சுரண்டி எழுத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள் சிலர். சிலுவைதாசனுக்கு எதுவும் புரியவில்லை. அவன் அழித்தது என்ன என்று அப்போதுதான் ஒருவர் அவனுக்குச் சொன்னார். அவன் முகம் செத்துப்போயிற்று.

நேசபாய் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள்.

“வேதவசனமான்னு கேட்டாவ. இல்லன்னேன். என்ன எழுத்துன்னு எனக்குத் தெரியும். குத்தம் எனக்கது.”

தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை என்று உபதேசியார் கேட்டார்.

“ஏழு வருசமா எது எதுன்னு நாந்தான் சொல்லிக்குடுத்தேன், ஐயா. அண்ணைக்கு அவிய மொகத்துல இருந்த சந்தோசத்த நீங்க பாக்கல்ல. நான் பாத்தேன். குறுக்க நிக்க மனசு வரல்ல.”

சிலுவைதாசன் எழுந்து ராஜையனிடம் போனான். நாளை காலையில் தானே சுரண்டிவிடுவதாகச் சொல்லத்தான் போனான். ஆனால் ஊர் திரும்பியதிலிருந்து சுண்ணாம்பு வேலையிலேயே கிடந்தவன், ஏழு வருடத்துக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்ப்பது அன்றைக்குத்தான். கண்ணாடி மூக்கில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தான். வேறு ஏதோ வாயில் வந்துவிட்டது.

“அண்ணாச்சி, தலை முழுக்க நரைச்சுப் போச்சே.”

ராஜையன் கையை உயர்த்தித் தன் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

6

அவர் என்ன பதில் சொன்னார்? மூன்று எழுதினேன். ‘சுரண்டு’ என்று சொல்ல வைத்தேன். வண்டி கொடுத்த மனிதர் அப்படிச் சொல்லமாட்டார். முழங்காலில் விழுந்து அழ வைத்தேன். அது பிரசங்கம், அதுவும் சுமாரான பிரசங்கம். மேலும் அவருக்கு மூட்டுவலி. மூன்றாவது, பேருந்தில் வந்தவர் சொன்னபடியே:

“நாளைக்குப் பண்டிகை. செவரு ஈரமா கெடக்கு. ஆரும் தொடாண்டாம்.”

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

7

ஞாயிற்றுக்கிழமை வாழைக்குலையும் சேனைக்கிழங்கும் கருப்பட்டிச் சிப்பமும் பீடத்தடியில் குவிந்தன. காலைக் கட்டிப்போட்ட கோழி ஒன்று எல்லாப் பாட்டுக்கும் கூடவே கத்தியது. ராஜையன் ஒரு செவ்வாழைக் குலை கொண்டுவந்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளைச் சுவரில் பட்ட வெயில் முகங்களிலெல்லாம் விழுந்து, அன்று எல்லாரும் கொஞ்சம் அழகாக இருந்தார்கள்.

உபதேசியார் கண்களை மூடச் சொன்னார். நேசபாய் மூடினாள். தன் கணவன் மூடமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். காலையிலேயே சொல்லியிருந்தான்: “இனி செபத்துக்கும் கண்ண மூடமாட்டேன். ஏழு வருசம் மூடித்தான செபிச்சேன். தந்தவரு முன்னால தந்ததத் தொறந்து வைக்கணும்லா.”

செபம் நீண்டது. ஆதியாகமத்தில் தொடங்கி நெய்யூர் டாக்டரின் கைவரை வந்து ஆமென் ஆயிற்று. கண்ணைத் திறந்தால், நாற்காலியில் ராஜையன் இல்லை. வலப்புறச் சுவரை ஒட்டி நின்றார். அவருடைய வலது உள்ளங்கை மணிக்கட்டுவரை வெள்ளையாக இருந்தது. துடைத்துக்கொள்ளாமல் வந்து உட்கார்ந்தார். அடுத்த பாட்டுக்கு அந்தக் கையாலேயே தாளம் போட்டார்.

பெயர் திரும்ப எழுதப்படவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவுமில்லை. இதுவரை உறுதி.

வீட்டுக்குப் போகும் வழியில் நேசபாய் கேட்டாள், அவர் சுவரில் என்னதான் செய்தார் என்று. சிலுவைதாசன் சிரித்தான்.

“ஒனக்குந்தான் கண்ணு இருக்கு. ஏன் மூடுன?”

சாகும்வரை அவன் சொல்லவில்லை. நகத்தால் தன் பெயரைத் தேடினாரா, கன்றுக்குட்டியைத் தடவுவதுபோலத் தடவிக் கொடுத்தாரா, முழங்கால் வலிக்குச் சுவரைப் பிடித்தாரா? நான் நேசபாயின் பக்கத்தில் நின்று சொல்ல ஒப்புக்கொண்டவன். அவளோடு சேர்ந்து நானும் கண்ணை மூடிவிட்டேன். இவ்வளவு நேரம் கண்ணைத் திறந்து வைத்திருந்தவர் நீங்கள்தான். நீங்களே சொல்லுங்கள்.