பிலிப்பு ராஜாவின் கழுத்துப்பட்டி

டோபிகாட் சலவைத் துறையில் ரத்தினம்மாவின் வாய்க்கு ஒரு மரியாதை உண்டு. விட்ட வார்த்தையைத் திரும்ப எடுக்க மாட்டாள். அதனால்தான் அந்த 1906ஆம் வருஷத்துக் காலையில் பெரேரா துரை அவள் முன்னால் பத்து முழம் வெள்ளைத் துணியை விரித்தபோது, மற்றவர்கள் துவைப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

பெரேரா துரை போர்த்துக்கீசிய வம்சம். விக்டோரியா தெரு மண்டபத்தில் அவர்கள் ஆட்கள் நாடகம் போடுகிறார்கள். வாரிசில்லாமல் போன போர்த்துக்கல் மகுடத்தையும் ஸ்பெயின் ராஜா பிலிப்பு தன் தலையில் வைத்துக்கொண்ட கதை. துரைதான் பிலிப்பு. அந்தக் காலத்து ராஜாக்கள் தாம்பாளம் அகலத்துக்கு, மடிப்பு மடிப்பாகக் கழுத்துப்பட்டி கட்டுவார்களாம், படத்தையும் காட்டினார். ஒத்திகையில் கட்டிய பட்டி இந்த ஊர்ப் புழுக்கத்தில் அரை மணி நேரத்தில் வாடிய கீரையாகத் தொங்கிவிட்டதாம்.

"இது ஆகாத வேலை துரை," என்றான் துறைக்கே பெரியவனான மருதப்பன். "மழைக்காலம் வேற. எவன் கஞ்சி போட்டாலும் தொங்கிடும்."

ரத்தினம்மாவுக்குச் சுருக்கென்றது. "நான் போடுறேன் அண்ணே. நாடகம் முடியிற வரைக்கும் நிக்கும்."

"தொங்கிட்டா?"

"தொங்கிட்டா என் கல்ல நீங்க எடுத்துக்குங்க."

அந்தத் துவைகல்தான் அவளுக்குச் சோறு. புருஷன் போனபின் நாலு பேர் பறிக்கப் பார்த்தும் விடாமல் காத்த கல். வீறாப்பு வயிற்றை நிரப்பாது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டாள்.

மூன்று நாள் படாத பாடு பட்டாள். அரிசிக் கஞ்சி ஈரத்தை இழுத்தது. சவ்வரிசியைக் காய்ச்சி வடிகட்டி, மூன்று முறை தோய்த்துக் காயவைத்தாள். புடவைக்குக் கொசுவம் வைப்பதுபோல மடிப்பு வைத்தாள். இஸ்திரிப்பெட்டி மடிப்புக்குள் நுழையவில்லை. கரண்டிக் காம்பை அடுப்பில் சூடாக்கி, ஒவ்வொரு மடிப்பிலும் விட்டு எடுத்தாள். விரலெல்லாம் கொப்புளம். நூற்றுப் பன்னிரண்டு மடிப்பு! கடைசியில் தட்டிப் பார்த்தால் பலகைபோல டொக்கென்றது. "அட, என் ராஜாவே!" என்று பட்டியையே கொஞ்சினாள்.

சனிக்கிழமை மதியம் நாடகம். வெளியே பேய்மழை. மண்டபத்தின் பக்கவாட்டு ஜன்னலோரம் அவளும் மருதப்பனும் நின்றார்கள். மருதப்பன் நாடகம் பார்க்கவில்லை, பட்டியைத்தான் பார்த்தான். இரண்டு மணி நேரம் ஆகியும் அது அசையவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. போர்த்துக்கல் பிரபுக்கள் முன்னால் ராஜா மண்டியிட்டு, உங்கள் சட்டத்தைக் காப்பேன் என்று சத்தியம் செய்து, குனிந்து வேதப்புத்தகத்தை முத்தமிட வேண்டும். துரை மண்டியிட்டார். குனியப் பார்த்தார். முடியவில்லை, பட்டி தாடையை முட்டி நிறுத்தியது. மறுபடி முயன்றார். கூட்டத்தில் சலசலப்பு. துரையின் கை பட்டியை அமுக்கப் போனது.

ரத்தினம்மா ஜன்னல் கட்டையைப் பிடித்து எம்பினாள். ஒரே அமுக்கு, கல் போச்சு!

கை பாதியில் நின்றது. துரை இரண்டு கையாலும் புத்தகத்தைத் தூக்கி, நிமிர்ந்த தலை நிமிர்ந்தபடியே, உதட்டருகே கொண்டுவந்து முத்தமிட்டார். சத்தியம் செய்யும்போதும் தலை வணங்காத ராஜா! எழுந்த கைதட்டலில் மழைச் சத்தமே கேட்கவில்லை.

"நின்னுடுச்சு தங்கச்சி," என்றான் மருதப்பன். பெரிய மனசுக்காரன்தான், முகம் கோணாமல் சொன்னான். ரத்தினம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அதை அவள் மறைக்கவும் இல்லை.

நாடகம் முடிந்ததும் துரை பட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். கழுத்தைச் சுற்றிச் சிவந்து கிடந்தது.

"சாக்கிட் லா, வலிக்குது ரத்தினம்மா! தோலே உரிஞ்சு போச்சு. நாளைக்கு ஆட்டத்துக்குக் கொஞ்சம் இளக்கமா போட்டுக் குடு."

அவள் பட்டியை வாங்கிச் சுற்றிப் பார்த்தாள். ஒரு மடிப்புகூடக் கலையவில்லை.

"ரெண்டு நாட்டு மகுடம் சும்மா வருமா துரை?" என்றாள். "கழுத்துக்கு எண்ணெய் தடவிக்குங்க."