மனைவி என்று எழுதிய பங்குச் சான்றிதழ்

1

இந்தக் கதை நான் மொழிபெயர்த்த ஒரு கடிதத்தில் தொடங்கியது. இலங்கையில் ஓப்பநாயக்கப் பக்கம் ஆற்றை மறித்து மின்சாரம் விற்ற ஒரு கம்பனி (கற்பனைக் கம்பனிதான், தேடாதீர்கள்) 2008இல் அனுப்பியது. ‘பங்குப் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதியின்றி 2005இல் வழங்கப்பட்ட பங்குச் சான்றிதழ்கள் செல்லாதவை.’ சிங்களத்திலிருந்து சுளுவாகத் தமிழாக்கிவிட்டேன். யார் வீட்டுக்குப் போகும் என்று யோசிக்கவேயில்லை.

2

முதல் தொடக்கம்: மலையில் பனி இறங்கி—

வேண்டாம். பனியைக் காட்டிக் கதை விட்டது போதும்.

இரண்டாவது: தங்கம்மா தனியாள். அவள் கணவர் முத்துவீரன் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னாலிருந்த மரக்கறித் தோட்டத்தைக் கம்பனி குழாய் பதிக்க விட்டுக்கொடுத்தார். பதிலுக்குக் கிடைத்ததுதான் சான்றிதழ். மறுவருடமே போய்ச் சேர்ந்தார். பிள்ளையும் இல்லை. அதன்பிறகு அவளுக்குக் கழுவ ஒரு தட்டுதான்.

3

கம்பனி அலுவலகம். கடிதம் கிடைத்துத் தங்கம்மா வந்திருக்கிறாள். கிளார்க் ஜுனைதீன் நல்ல மனுஷர். (கெட்டவராக்கிப் பார்த்தேன்; கதை பொய்யாகிவிட்டது.)

“பயப்படாதீங்க அக்கா. இப்ப அனுமதி கெடச்சிருக்கு. பழச தந்தா கிழிச்சிட்டு, ஒங்கட பேர்ல புதுசு தாரோம். அதுதான் சட்டப்படி செல்லும்.”

“எம் பேரு மட்டுந்தானா, நானா?” (முஸ்லிம் அண்ணனை இங்கே ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம்.)

“மவுத்தாப்போனவங்கட பேரப் போட ஏலாதே. உசிரோட இருக்கிறவங்கட பேர்தான் போடலாம்.”

தங்கம்மா தாளை நீட்டவில்லை. அதன் நான்கு மூலையிலும் மஞ்சள். புதிதாக எது வந்தாலும் மஞ்சள் வைப்பது லயத்து வழக்கம், வைத்தது முத்துவீரன். நடுவில் ஒரு வரி: ‘முத்துவீரன், மனைவி தங்கம்மா.’

[அடிக்குறிப்பில் போயிருக்க வேண்டியது: அவர்கள் கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர்கள். கலியாணத்தைப் பதியவில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்தில் யார் பதிந்தார்கள்? அவளை அவர் மனைவி என்று சொல்லும் தாள் இந்த உலகத்தில் இது ஒன்றுதான்.]

4

முடிவு அ: கொடுக்கிறாள். செல்லுபடியாகும் தாளோடு தனியாக பஸ் ஏறுகிறாள்.

முடிவு ஆ: மறுக்கிறாள். செல்லாத தாளை நெஞ்சோடு அணைத்து— சே, சினிமா.

முடிவு இ: போட்டோ கொப்பி எடுத்து வைத்துக்கொண்டு கொடுக்கிறாள். புத்திசாலித்தனம்தான். ஆனால் கொப்பியில் அவர் விரல் பட்ட மஞ்சள் வராதே.

மூன்றையும் அடித்துவிட்டேன். மூன்றிலும் அவள் வீட்டுக்குத் தனியாகத்தான் போகிறாள்.

5

ஒன்றை மறைத்துவிட்டேன். அன்று சிங்களப் படிவங்களை மொழிபெயர்க்க நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். கடிதத்தைத் தமிழாக்கியது நான்தான் என்று ஜுனைதீன் சொல்லியிருந்தார். தங்கம்மா என் பக்கம் திரும்பினாள்.

“செல்லாதுன்னு எழுதினது நீங்கதானேங்க? அப்ப உள்ள எழுதியிருக்கிறதும் செல்லாதா? நான் அவருக்கு யாருங்க?”

பங்கு மட்டும்தான் செல்லாது என்று சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது.

ஜுனைதீன் இன்னும் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு ஏலாது. வாசிக்கிறவரே, அவளுக்கு நீங்களாவது ஒரு பதில் சொல்லுங்கள்.