எட்டு மாதத் தலையணை

"நாலு மாசமா, எட்டு மாசமா மேடம்?" என்று கேட்டார் பூந்தமல்லி டெய்லர் மஸூத்.

"எட்டு," என்றாள் கார்த்திகா.

"உள்ள பஞ்சு வெக்கட்டா, ஃபோம் வெக்கட்டா? பஞ்சுன்னா குந்தும்போது அமுங்கிடும். ஃபோம் ஜோரா நிக்கும். ஆனா வேர்க்கும்."

அப்படி ஃபோம் வைத்துத் தைத்த வயிற்றுக்கு அலுவலகத்தில் 'கருவி' என்று பெயர். அம்பத்தூரில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் இருந்த அந்த ஆலோசனை நிறுவனம், சுற்றுவட்டார அரசு மகப்பேறு சேவைகளை மதிப்பிட்டு, அடுத்த பத்தாண்டுகளுக்கு வியூகத் திட்டம் வரைந்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. அதன் தலைவர் ராஜசேகரன் நல்ல மனிதர். வரிசையில் நிற்கும் பாக்கியம் மட்டும் அவருக்கு வாய்த்ததில்லை. அதனால் வரிசைகளைப் பற்றி அவரிடம் நிறையக் கருத்துகள் இருந்தன.

"கர்ப்பிணி மாதிரியே போய் உட்காரணும். எவ்வளவு நேரம் காக்க வைக்கிறாங்க, மரியாதையா பேசுறாங்களா, எல்லாத்தையும் கவனிக்கணும். ஆனா நீ யாருன்னு யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா மதிப்பீடே செல்லாது," என்று சொல்லி அனுப்பினார்.

கார்த்திகா ஆவடியில் டேங்க் பாக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். கல்யாணம் ஆகாதவள். செவ்வாய்க்கிழமை காலை, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எட்டு மாத வயிற்றோடு போய்ச் சேர்ந்தாள். புருஷன் மதுரையில், பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருக்கிறாள், மகப்பேறு அட்டை அங்கேயே இருக்கிறது என்று கதையும் தயாராக இருந்தது.

கர்ப்பிணிகளுக்கான நாள். பெஞ்சு நிறையப் பெண்கள். அவளைக் கண்டதும் முகம் தெரியாத இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருத்தி பையிலிருந்து விசிறியை எடுத்துக் கொடுத்தாள். கார்த்திகாவின் கேள்வித்தாளில் இதையெல்லாம் குறிக்க இடமில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சைமா, நூம்பலிலிருந்து மாமியாரோடு வந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. கையில் அன்றைய கடைசி ஸ்கேன் டோக்கன்.

"மூணாவது வாரமா வர்றோம்மா," என்றாள் மாமியார் சைனம்பு. "தண்ணி கொறைவா கீதோ இன்னாவோ, ஸ்கேன் பாத்தாத்தான் சொல்ல முடியும்னாங்க. மொத வாரம் மிசின் ரிப்பேரு. போன வாரம் டாக்டரம்மாவே வர்ல. ஏதோ மீட்டிங்காம். பத்து வருசத்துக்கு பிளான் போடுறாங்களாம். எங்களுக்கு இந்த வாரம் ஓடுனா போதாதா?"

விசிறி கார்த்திகாவின் கையில் நின்றுவிட்டது. அந்தக் கூட்டத்தை நடத்தியவர் ராஜசேகரன். வாசலில் நின்று டாக்டர்களுக்குப் பூங்கொத்து கொடுத்தவள் கார்த்திகா.

ஸ்கேன் பார்க்கும் டாக்டர் ரேவதி வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். பகல் பன்னிரண்டுக்கு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். டோக்கன்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. வெயில் ஏற ஏற, மஸூத் எச்சரித்தபடியே வேர்த்துக் கொட்டியது. வேர்வையில் கட்டு நழுவியது. தரை துடைக்க வந்த ஆயா வேம்புலியம்மாள் அவளைப் பார்த்துத் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"ஐயய்யோ, இந்தப் பொண்ணுக்கு வயிறு எறங்கிப்போச்சு! மூஞ்சியப் பாரு, எப்டி வேர்த்துக்கீது!"

பெஞ்சே எழுந்துவிட்டது. சைனம்பு ஒரு கணம்தான் யோசித்தாள். "சைமா, டோக்கன இதுகிட்ட குடு. தொணைக்கு ஆளில்லாம வந்துகீது பாவம்."

"வேணாம்மா, எனக்கு ஒண்ணுமில்ல," என்று கார்த்திகா பதறினாள்.

"எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க," என்று சைமா டோக்கனை அவள் கையில் வைத்து மூடினாள். "நான் அப்பால பாத்துக்கிறேன்க்கா. நீ போ."

நாலு கைகள் சேர்ந்து கார்த்திகாவை உள்ளே தள்ளின. டாக்டர் ரேவதி நிமிர்ந்து பார்க்காமலே, "படும்மா. சேலைய இறக்கு," என்றார்.

பரிசோதனைக்கு உட்படக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. உட்பட்டால் ஃபோமுக்கு இதயத்துடிப்புத் தேட வேண்டியிருக்கும். "பாத்ரூம் போயிட்டு வந்துடறேன் டாக்டர்," என்று கார்த்திகா பின்கதவு வழியாகக் கழிப்பறைக்கு ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ராஜசேகரனுக்குச் செய்தி அனுப்பினாள்: 'ஒரு பெண்ணின் டோக்கன் என்னிடம் வந்துவிட்டது. என்ன செய்ய?'

பதில் உடனே வந்தது: 'அருமை! யாரென்று சொல்ல வேண்டாம். காத்திருந்த நேரத்தைக் குறித்துக்கொள்.'

அவள் கட்டை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தபோது ஸ்கேன் அறை பூட்டியிருந்தது. கடைசி டோக்கன்காரி வரக் காணோமே என்று பார்த்திருந்துவிட்டு, பன்னிரண்டு ஆனதும் டாக்டர் கிளம்பிவிட்டார். பெஞ்சில் சைமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"பாத்துட்டாங்களாக்கா? புள்ள நல்லா கீதா?"

திட்டியிருந்தால் கார்த்திகா தாங்கியிருப்பாள். ஆண்டவன் சிலருடைய கண்களை நல விசாரிப்பு வழியாகத்தான் திறக்கிறான். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினாள்.

"அடியே, ஓடாத! வயித்துப் புள்ளக்காரி ஓடலாமா?" என்று வேம்புலியம்மாள் பின்னாலேயே ஓடினாள். பெஞ்சுப் பெண்கள் அலறினார்கள். கேட்டைத் தாண்டப் போன டாக்டரின் காருக்குக் குறுக்கே கார்த்திகா போய் நின்றாள். கார் நின்றது. கட்டு அறுந்தது. எட்டு மாதமும் தொப்பென்று தரையில் விழுந்தது.

வேம்புலியம்மாள் மூச்சு வாங்கக் குனிந்து பார்த்தாள். "இன்னாம்மா இது? தலகாணியப் பெத்துக்கீற!"

கண்ணாடியை இறக்கிய டாக்டரிடம் கார்த்திகா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், நிறுவனம், கருவி, கழிப்பறை உட்பட. "என் தப்பு டாக்டர். அந்தப் பொண்ணு டோக்கன நான் வீணாக்கிட்டேன். ஒரே ஒரு தடவை வந்து பாருங்க."

"போன வாரம் என்னைக் கூட்டிட்டுப் போய் உட்கார வெச்சீங்க. இந்த வாரம் தலையணைய அனுப்பியிருக்கீங்க," என்றார் டாக்டர் ரேவதி. ஆனால் சொல்லும்போதே இறங்கி நடக்கத் தொடங்கியிருந்தார்.

ஸ்கேனில் குழந்தையின் துடிப்பு நன்றாக இருந்தது. பனிக்குடத் தண்ணீர்தான் மிகவும் குறைந்திருந்தது. "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு சொல்ல முடியாது. இப்பவே பெரிய ஆஸ்பத்திரியில சேர்க்கணும்," என்று டாக்டரே போன் செய்து ஆம்புலன்ஸ் வரவழைத்தார்.

துணிமணி, ஆதார், மகனுக்குத் தகவல் என்று சைனம்பு வீட்டுக்குப் போய்த்தான் வர வேண்டியிருந்தது. அவன் லாரியோடு ஓசூர் போயிருந்தான். அவள் கார்த்திகாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"புள்ள விசயத்துல பொய் சொல்லலாமாம்மா? வெளையாட்டா அது?"

"தப்புதாம்மா."

"கல்யாணம் ஆச்சா உனக்கு?"

"இல்ல."

"அல்லா, அதுக்குள்ள எட்டு மாசமா!" என்று தலையில் அடித்துக்கொண்டவள், சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். "இந்தா, பொய் சொன்ன வாய மூடிக்கினு வண்டில ஏறு. நான் வர்ற வரைக்கும் என் மருமவ கூட இரு. தனியா உட்டுட்டுப் போயிடாத."

வண்டி புறப்பட்டது. வலியோ பயமோ, சைமா கண்களை மூடிக்கொண்டு கார்த்திகாவின் விரல்களை நெரித்தாள். ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது கார்த்திகா நடந்ததையெல்லாம் ராஜசேகரனுக்குச் செய்தியாக அனுப்பியிருந்தாள். போன் அடித்தது. கார்த்திகா இடது கையால் எடுத்தாள்.

"என்ன கார்த்திகா இது? ஆய்வு மாதிரியே கெட்டுப்போச்சு!" என்றார் ராஜசேகரன். "இந்த மையத்தை அறிக்கையிலிருந்தே எடுத்துட வேண்டியதுதான். நீ பயனாளி பக்கம் சாயக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"சார், ஒண்ணே ஒண்ணு மட்டும் திட்டத்துல எழுதுங்க. செவ்வாய்க்கிழமையில டாக்டரைக் கூட்டத்துக்குக் கூப்பிடக் கூடாது."

"அது ரொம்பச் சின்ன விஷயம்மா. நாம பத்து வருஷத்துக்கு யோசிக்கிறோம். முதல்ல கருவி எங்க இருக்கு, அதைச் சொல்லு…"

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சைமா, "அக்கா," என்று முனகினாள். அவளைத் தாங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. கார்த்திகா போனை மடியில் போட்டாள். அங்கே அது தன் பாட்டுக்குத் திட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தது.