ஃபிரிட்ஜுக்கு அடியில் துருவ நட்சத்திரம்

போன மாதம் மலைமேல் நாலு மணி நேரம் காமிராவைத் திறந்துவைத்துக் காத்திருந்து பல் டாக்டர் எடுத்துவந்த படத்தில் ஒன்றுமே இல்லை. அவர் தேடிப்போன நெபுலா என்கிற வான்முகில் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. டெலஸ்கோப்தான் கொஞ்சம் தள்ளிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது.

"வலி ஒரு பல்லுல, பிடுங்கினது பக்கத்துப் பல்ல. அப்படித்தானே?" என்று மனைவி கேட்டது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

அதற்கு வைத்தியம் பிளேட் சால்விங் மென்பொருள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். வானத்தைப் படமெடுத்துக் கொடுத்தால், புள்ளிகளின் அமைப்பை நட்சத்திர அட்டவணையோடு ஒப்பிட்டு, டெலஸ்கோப் எங்கே பார்க்கிறது என்று அந்த மென்பொருள் சொல்லிவிடும். மலையில் சிக்னல் கிடையாது. ஆகவே அட்டவணை முழுவதையும் லேப்டாப்பிலேயே இறக்கிக்கொள்ள வேண்டும். கிளினிக் இணைப்பில் மூன்று நாள் இறங்கியது. "அறுபத்திரண்டு சதவீதம்தான் ஆகியிருக்கு" என்று அவர் முணுமுணுக்கும்போதெல்லாம், வாயைத் திறந்து படுத்திருந்த நோயாளிகள் தங்கள் பல்லைச் சொல்கிறார் என்று கலங்கிப்போனார்கள்.

ஞாயிறு காலை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிறுவினார். "அட்டவணை கிடைக்கவில்லை" என்று அது இரண்டு மணி நேரம் அடம்பிடித்தது. ஃபோல்டர் பெயரின் நடுவே விட்டிருந்த ஓர் இடைவெளிதான் அத்தனைக்கும் காரணம். அதை எடுத்துவிட்டு, சிம்ம ராசிப் பக்கம் எப்போதோ எடுத்த ஒரு படத்தைக் கொடுத்தார். ஆறே விநாடியில் சரியாகச் சொல்லிவிட்டது. டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்.

அவர் எழுந்து நின்ற நேரத்தில் மென்பொருள் அதே ஃபோல்டரில் இருந்த அடுத்த படத்தையும் எடுத்துக்கொண்டது. அது வானமல்ல, ஹால் தரை. மறுநாள் மேஸ்திரி வந்து பழைய மொசைக்கை உடைத்து டைல்ஸ் போடுவதாக ஏற்பாடு. விரிசலை அவருக்குக் காட்டுவதற்காக மனைவி போனில் எடுத்த படம் தானாக வந்து அங்கே சேர்ந்திருந்தது.

பதினோரு விநாடி யோசித்துவிட்டு மென்பொருள் சொன்னது: கன்னி ராசி.

"ஏதோ கோளாறு" என்றார் டாக்டர். ஓரடி தள்ளி இன்னொரு படம் எடுத்தார். கன்னியிலேயே கொஞ்சம் கிழக்கே வந்தது. இன்னும் ஓரடி தள்ளினார். துலாம். மத்தியானத்துக்குள் மண்டியிட்டபடியே வீடு முழுக்க நகர்ந்துவிட்டார். கறுப்புத் தரையில் இறைந்து கிடந்த வெள்ளைச் சில்லுகள் ஒன்றுவிடாமல் வானத்தில் இருந்தன. துருவ நட்சத்திரம் மட்டும் அகப்படவில்லை. கணக்குப்படி அது ஃபிரிட்ஜுக்கு அடியில் இருக்க வேண்டும். தள்ளிப் பார்த்தார். இருந்தது. பக்கத்தில் ஒரு கரப்பான் மல்லாந்து கிடந்தது.

மனைவி தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் பிரிவில் இருப்பவள். முகவரி விஷயத்தில் யார் பேச்சையும் அப்படியே நம்பமாட்டாள்.

"நான் எங்கேயோ ஒரு படம் எடுத்துட்டு வரேன். எந்த இடம்னு சொல்லுங்க பார்ப்போம்."

எடுத்துவந்தாள். டாக்டர் லேப்டாப்பில் கொடுத்துப் பார்த்துச் சொன்னார். "செருப்பு ஸ்டாண்டுக்கு ரெண்டடி கிழக்கே."

அவள் போய் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு வந்தாள்.

நாலு மணிக்கு டாக்டர் பேனாவைத் தேடி ஓடினார். சிம்மத்தில், சோபா ஓரத்தில், அட்டவணையில் இல்லாத ஒரு நட்சத்திரம்! யாருமே பார்க்காதது. கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவிக்கும் கடிதத்தில் முதல் வரி எழுதிக்கொண்டிருந்தபோது மனைவி குனிந்து அந்த நட்சத்திரத்தைக் கையில் எடுத்தாள்.

"என் தோட்டுத் திருகுங்க இது! ரெண்டு வாரமா தேடிட்டிருக்கேன்."

அந்த நிமிஷத்திலிருந்து அவள் கட்சி மாறிவிட்டாள். காபி போட்டுக்கொண்டு வந்து கணவனின் எதிரே உட்கார்ந்தாள்.

"இனிமே மலைக்கு எதுக்குங்க போகணும்? குளிர்ல நின்னு, தூக்கம் கெட்டு. எது வேணுமோ இங்கேயே எடுத்துக்குங்க. மிதியடியைச் சுருட்டினா போதும்."

டாக்டர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். இந்தத் தரை இருக்கும்வரை மலைக்குப் போக முடியாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

திங்கள் காலை மேஸ்திரி சுத்தியலோடு வந்தார். டாக்டர் வாசலிலேயே அவரை மடக்கினார்.

"மேஸ்திரி, ஹாலை மட்டுமாவது உடைச்சிடுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

"அம்மா சொல்லாம நான் கை வைக்கமாட்டேன் சார்."

அம்மா குறுக்கே வந்து நின்றாள். "உடைக்க வேண்டாம்."

"உடைக்கச் சொன்னதே நீங்கதானேம்மா?"

"சொன்னேன். அப்ப அது தரை."

விஷயத்தைக் கேட்ட மேஸ்திரி சிரிக்கவில்லை. பையிலிருந்து தன் மாதிரி டைலை எடுத்து நீட்டினார். "இதையும் போட்டுப் பாருங்க." போட்டார்கள். "தீர்வு இல்லை" என்று வந்தது. மேஸ்திரியின் முகம் சுண்டிவிட்டது. "நல்ல டைல் சார் இது. இப்படிச் சொல்லலாமா?"

"சரி, விரிசலையாவது அடைச்சுக் குடுங்க" என்றாள் மனைவி அவரைத் தேற்றும் குரலில். "கன்னியில பதினாலு நட்சத்திரம் விழுந்துபோச்சு."

அன்று கிளினிக் திறக்கவில்லை. மனைவி லேப்டாப்பைப் பார்த்து இடம் சொல்ல, டாக்டர் பல் இடுக்கியால் வெள்ளைச் சில்லுகளைப் பொறுக்கிக் கொடுக்க, மேஸ்திரி ஒவ்வொன்றாகப் பதித்தார்.

"அந்தப் பெரிசு இன்னும் கொஞ்சம் இடது பக்கம், மேஸ்திரி."

"இடிக்குதும்மா."

"வானத்துல இடிக்கலையே!"

மேஸ்திரி சில்லைத் தேய்த்துச் சிறிதாக்கி உட்காரவைத்தார். சிமெண்டு காய்ந்து பாலிஷ் போட்டு முடிய வியாழக்கிழமை ஆகிவிட்டது. படம் எடுத்துக் கொடுத்ததும் மென்பொருள் ஐந்து விநாடியில் கன்னி என்றது. மேஸ்திரி அதைத் தன் போனில் படம்பிடித்துக்கொண்டு போனார்.

மனைவிக்கு மட்டும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. "நாம பதிச்சது சரியான்னு அசலோட ஒத்துப் பார்க்கணும்ங்க. சனிக்கிழமை மலைக்குப் போவோம். நானும் வரேன்."

டாக்டர் அவள் மனசு மாறுவதற்குள் டெலஸ்கோப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்.

மலையில் மேகமில்லை, சிக்னலும் இல்லை. டாக்டர் முதல் படத்தை எடுத்து லேப்டாப்பில் கொடுத்தார். அது யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கம்பளியைப் போர்த்தியபடி அண்ணாந்து நின்ற மனைவி மேலே கையை நீட்டினாள்.

"அது நம்ம பாத்ரூம் வாசல். நீங்க தேடுறது ஹால் ஜன்னல்கிட்டதானே? இந்தப் பக்கம் திருப்புங்க."

அவள் காட்டிய பக்கம் திருப்பினார். அடுத்த படத்தில், பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல, நெபுலா நட்டநடுவில் இருந்தது.

அவளோ இன்னும் அண்ணாந்தபடியே தரையோடு வானத்தை ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறை முடிந்துவிட்டது, படுக்கையறை பாக்கி.