எதிர்க்கரையில் மஞ்சள் சட்டை

சண்டை ஒரு துண்டு உப்புக் கொழுப்பில் தொடங்கியது.

ஸ்பிட்ஸ் என்ற ஆற்றங்கரை ஊரில் கோட்டை இடிபாட்டுக்குக் கீழே, திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் தன் வீட்டு முற்றத்தில் பெஞ்சு போட்டு நடத்தும் கடை. ஞாயிற்றுக்கிழமை மதியம், செப்டம்பர் வெயில், கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். ரோஸ்விதா ரொட்டி மேல் கிடந்த பன்றிக்கொழுப்புத் துண்டை ஆசையாகப் பார்த்துவிட்டு வாய்க்குக் கொண்டுபோனாள். அதற்குள் அவள் கணவன் ஹெர்விக் முள்கரண்டியை நீட்டி, அதைக் குத்தி எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டான். அதோடு விட்டானா? பரிமாற வந்த பெண்ணிடம், "இவங்களுக்கு உப்பு ஆகாது, ஹார்ட் பேஷன்ட்" என்று முற்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். பக்கத்து மேஜையில் இருந்த நாலு பேர் ரோஸ்விதாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மார்ச் மாதம் அவள் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். நன்றாகத் தேறிவிட்டாள், சைக்கிள் கூட ஓட்டலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஹெர்விக்தான் தேறவில்லை. அவன் கிரெம்ஸ் நகரில் லிஃப்ட் பரிசோதகன். முப்பது வருடமாக, அறுந்து போகக்கூடிய கம்பிகளைப் பார்ப்பதற்குத்தான் சம்பளம் வாங்கியிருக்கிறான். இப்போது வீட்டிலேயே ஒரு கம்பி கிடைத்துவிட்டது, விடுவானா? அன்று காலை மெல்க்கில் சைக்கிள் ஏறியதிலிருந்து "மெதுவா போ", "தண்ணி குடி", "மூச்சு வாங்குதா" என்று பின்னாலிருந்து ஓதிக்கொண்டே வந்தான். அக்ஸ்டைன் கோட்டைக்கு எதிரே வந்தபோது ரோஸ்விதா கோட்டையை அண்ணாந்து பார்த்தாள். அவன் அவள் உதட்டின் நிறத்தைப் பார்த்தான்.

"ஹெர்விக், எந்திரி" என்றாள் ரோஸ்விதா. தட்டில் மிச்சம் இருந்த ரொட்டியைத் தொடவில்லை.

"ஏன், என்ன பண்ணுது? வலிக்குதா?"

"வலிக்கல. நீதான் பண்ற. நான் படகுல அந்தக் கரைக்குப் போறேன். நீ இந்தக் கரையிலயே வா. வைசன்கிர்கன் படகுத்துறையில பாக்கலாம். ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், உன் குரல் என் காதுல விழக்கூடாது."

"உனக்கு எதாவது ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா ஆகட்டும். உப்பில்லாம நூறு வயசு இருந்து நான் என்ன பண்ணப்போறேன்?"

அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. ஆறு மாதம் தூக்கமில்லாமல் ஒருத்தியைக் காப்பாற்றினால் இதுதான் கைமாறா?

"போ! எங்க வேணாலும் போ. எனக்கென்ன!"

அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு படகில் ஏறினாள். ஆற்றின் குறுக்கே மேலே கட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் தள்ளுகிற தள்ளில் நகரும் படகு அது. சத்தமே கிடையாது. அவளுடைய மஞ்சள் சட்டை மெல்ல மெல்லச் சின்னதாகி அக்கரையில் இறங்கியது. ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹெர்விக் கிளம்பினான். பாதை ஆற்றை ஒட்டி வரும் இடமெல்லாம் அவன் கழுத்து வலப்பக்கமே திரும்பியிருந்தது. எதிரே வந்த சைக்கிள்காரர்கள் இரண்டு பேர் அவனைத் திட்டிவிட்டுப் போனார்கள். முந்நூறு மீட்டர் அகலத் தண்ணீருக்கு அப்பால், பாதாமிப் பழ மரங்களுக்கு நடுவே மஞ்சள் தெரியும், மறையும், மறுபடி தெரியும். தெரிந்தால் மூச்சு விட்டான். மறைந்தால் எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. ஒருமுறை முப்பத்தெட்டு வரை போய்விட்டது.

வோசன்டார்ஃப் தாண்டி ஒரு பெஞ்சில் நிறுத்தித் தண்ணீர் பாட்டிலுக்காகச் சைக்கிளின் முன்பையைத் திறந்தான். பாட்டிலுக்குப் பக்கத்தில் ரோஸ்விதாவின் கைபேசி இருந்தது. அதற்குப் பக்கத்தில், நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் அடித்துக்கொள்ளும் சின்னச் சிவப்பு ஸ்பிரே இருந்தது.

அவள் எதையும் சுமக்கக்கூடாது என்று எல்லாவற்றையும் காலையில் அவனேதான் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். அவளிடம் இப்போது ஒன்றுமில்லை, ஒரு கைக்குட்டை கூட இல்லை. ஆற்றில் பாலமும் இல்லை. முன்னால் மூன்று கிலோமீட்டரில் ஒரு படகு, பின்னால் அதே தூரத்தில் ஒரு படகு, நடுவில் அவன்.

தலையை நிமிர்த்திப் பார்த்தான். மஞ்சள் சட்டை எதிரே கூழாங்கல் திட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. சைக்கிளைக் கீழே போட்டது. ஸ்டாண்ட் போடவில்லை, அப்படியே போட்டது. ரோஸ்விதா சைக்கிளை அப்படிப் போடுகிறவள் இல்லை. பிறகு உட்கார்ந்தது. பிறகு மல்லாந்து சாய்ந்தது. அவ்வளவுதான், அசைவே இல்லை.

"ரோஸ்வி!"

ஆறு அந்தக் குரலைப் பாதி வழியிலேயே விழுங்கிவிட்டது. அவன் பெஞ்சு மேல் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டினான். பைத்தியக்காரன் போல அவள் எண்ணுக்குக் கூப்பிட்டான். அது அவன் பைக்குள்ளேயே மணியடித்தது.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான்.

"மூச்சு இருக்கா?" என்று கேட்டாள் ஒரு பெண், நிதானமாக.

"தெரியலம்மா, நான் இந்தக் கரையில இருக்கேன்!"

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"யாருமில்ல. ஆறுதான் இருக்கு."

"கிரெம்ஸிலேர்ந்து வண்டி அனுப்பறேன். அரை மணி நேரத்துக்கு மேல ஆகும். நீங்களும் போகப் பாருங்க."

போனான். எப்படிப் போனான் என்று பின்னால் அவனுக்கே நினைவில்லை. திராட்சை பறிப்பவர்களின் டிராக்டர் ஒன்றை உரசிக்கொண்டு போனதும், யாரோ கத்தியதும் மட்டும் ஞாபகம். 'எனக்கென்ன' என்று சொன்னோமே, அதுதான் கடைசி வார்த்தையா? இருபத்தெட்டு வருடம் கூட இருந்தவளிடம் கடைசியாகச் சொன்னது அதுவா? பெடலை மிதிக்க மிதிக்க அந்த வார்த்தைதான் காலடியில் சுற்றியது.

வைசன்கிர்கன் படகு நல்லவேளையாக இந்தப் பக்கமே நின்றிருந்தது. படகோட்டி எகோன், தொப்பையும் வைக்கோல் தொப்பியுமாக, கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான்.

"என்ன ஐயா, பின்னால போலீஸ் துரத்துதா?"

"எடு, எடு! என் மனைவி அந்தப் பக்கம் விழுந்து கெடக்கா!"

எகோன் ஆப்பிளை ஆற்றில் எறிந்தான். முகம் மாறிவிட்டது. "ஏறுங்க. ஆனா அந்தா வருது பாருங்க, அது போகாம நான் கட்டு அவிழ்க்க முடியாது."

வளைவில் வெள்ளைச் சுற்றுலாக் கப்பல் ஒன்று ஓட்டத்தை எதிர்த்து ஏறி வந்துகொண்டிருந்தது. மூன்று மாடி. மேல்தட்டில் குடைகளுக்குக் கீழே ஆட்கள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோட்டைகளைப் பார்க்க வந்தவர்களுக்கு என்ன அவசரம்?

"முந்திடலாம். மோட்டாரைப் போடு!"

"எங்கேர்ந்து போடறது? இதுல மோட்டாரே கெடையாதே. வேகம் என் கையில இல்ல, ஆத்து கையில இருக்கு."

அது ஹெர்விக்குக்குத் தெரியாதா? சின்ன வயதிலிருந்து இந்தப் படகில் போகிறவன். தெரிந்தும் கேட்டான். பயந்தவன் எதைத்தான் கேட்கமாட்டான். கப்பல் கடந்து போக ஆறு நிமிடம் ஆனது. அந்த ஆறு நிமிடமும் அவன் படகுத் தட்டில் முன்னும் பின்னும் நடந்தான். கப்பலிலிருந்து ஒரு குழந்தை கையசைத்தது. எகோன் பழக்கதோஷத்தில் பதிலுக்குக் கையசைத்துவிட்டு, ஹெர்விக்கைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டான்.

பிறகு படகு நகர்ந்தது. நடந்தே போயிருக்கலாம் போல அவ்வளவு மெதுவாக. தலைக்கு மேல் உருளை உருண்டு வரும் கம்பியை அவன் இன்று நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அறுந்தால் அறுந்து போகட்டும்.

"என் மூத்த பொண்ணு நர்ஸ். கூப்பிடட்டுமா?" என்றான் எகோன்.

ஹெர்விக் அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையை மட்டும் ஆட்டினான், ஆமாம் என்றா வேண்டாம் என்றா என்று அவனுக்கே தெரியாது.

அக்கரையில் பலகை இறங்குவதற்குள் சைக்கிளோடு குதித்தான். ஆற்றோடு மேலே இரண்டரை கிலோமீட்டர். நிற்காமல் மிதித்தான். வில்லோ மரங்களைத் தாண்டியதும் கூழாங்கல் திட்டு தெரிந்தது. சைக்கிள் அப்படியே கிடந்தது. மஞ்சள் சட்டையும் அப்படியே கிடந்தது. முகத்தின் மேல் தொப்பி.

இவ்வளவு தூரம் பறந்து வந்தவனுக்குக் கடைசிப் பத்து அடி நடக்க வரவில்லை. இங்கேயே நிற்கும்வரை அவள் உயிரோடிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். போய்ப் பார்த்துவிட்டால் ஏதோ ஒன்றுதான். கையில் ஸ்பிரேயைப் பிடித்துக்கொண்டு, ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குக் கால் வைத்து வைத்துப் போனான். முட்டி போட்டான். தொப்பியை விலக்கினான். மூக்குக்குக் கீழே விரலை வைத்தான்.

"விரலை எடு. கடிச்சிடுவேன்" என்றாள் ரோஸ்விதா, கண்ணைத் திறக்காமலே.

அவன் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டான். வாயிலிருந்து வந்தது சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம். பையில் போன் அடித்தது. ஆம்புலன்ஸ் பெண். ரோஸ்விதாவே அதை வாங்கிப் பேசினாள்.

"நான்தான் அந்தப் பொணம் பேசறேன். இல்ல, வலி எதுவும் இல்ல. தலை சுத்தலும் இல்ல. வண்டிய திருப்பிக்குங்க, வேற யாருக்காவது ஆகும். ஆமா, என் புருஷன்தான். மன்னிச்சுக்குங்க."

போனை வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் அவன் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தான். கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. காதோரம் முடி ஈரமாக ஒட்டியிருந்தது.

"அழுதியா?"

"ஆமா. ஒரு மணி நேரமா. நல்லா சத்தம் போட்டு."

"என் மேல கோபமா? அந்தக் கொழுப்புத் துண்டுக்கா?"

"கொழுப்பு! உனக்குத்தான் கொழுப்பு" என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "எனக்கு பயமா இருக்கு, ஹெர்விக். செத்துடுவேனோன்னு பயமா இருக்கு. மார்ச்சுலேர்ந்து இருக்கு."

"நீ சொல்லவே இல்லியே. நீதான் தைரியமா இருக்கேன்னு நான்..."

"எங்க சொல்றது? வீட்ல இருக்கிற பயத்தையெல்லாம் நீயே எடுத்துக்கிட்டே. எனக்குக் கொஞ்சம்கூட மிச்சம் வைக்கல. நான் ஒரு தடவ நெஞ்சைத் தடவினா உன் மூஞ்சி வெளுத்துப் போகுது. அப்புறம் நான் என்ன பண்றது? சிரிக்கிறேன். ராத்திரி பத்து தடவ மூக்குல விரல் வைக்கிறியே, நான் தூங்கறேன்னா நினைச்சே?"

அவன் தன் விரலைப் பார்த்தான்.

"முழிச்சுக்கிட்டுதான் இருப்பேன். நீ தூங்கணுமேன்னு ஒழுங்கா மூச்சு விடுவேன். கண்ணை மூடிக்கிட்டு, உள்ள, வெளிய, உள்ள, வெளியன்னு. ஆறு மாசமா உனக்காக மூச்சு விட்டு விட்டு எனக்கு அலுத்துப் போச்சு."

ஒரு சரக்குப் படகு கீழே போனது. அதன் அலை வந்து கற்களை நனைத்துவிட்டுத் திரும்பும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்கலாமா என்று அவன் நினைத்தான். கேட்டால் அதற்கும் இவள்தான் பரவாயில்லை என்று சொல்லித் தேற்ற வேண்டியிருக்கும். கைபேசியையும் ஸ்பிரேயையும் எடுத்து அவள் சட்டைப் பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினான்.

"அழுது முடிச்சிட்டியா?" என்றான்.

"பாதியில நீ வந்துட்டே."

"மிச்சத்தையும் அழு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"நீ பாத்துக்கிட்டு இருந்தா வராது."

அவன் எழுந்து, இரண்டடி தள்ளி, அவளுக்கு முதுகைக் காட்டித் தண்ணீரைப் பார்க்க உட்கார்ந்தான். பிறகு பின்னாலிருந்து வந்தது. அவன் இதுவரை கேட்டிராத அழுகை. அம்மா இறந்தபோது கூட அவள் இப்படி அழவில்லை. நடுவில் ஒருமுறை மூச்சு அடைத்துக்கொண்டது போல நின்றது.

ஹெர்விக் எண்ணத் தொடங்கினான். ஒன்று, இரண்டு. உடம்பெல்லாம் திரும்பு திரும்பு என்றது. இரண்டு கையாலும் கூழாங்கற்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஐந்தில் அழுகை மறுபடி தொடங்கியது. அவன் திரும்பவில்லை.